கடலூர் கரைக்கு ஏற்ற தூண்டில் பெட்டி: பல வருடம் பயன்படுத்திய அனுபவம்

தூண்டில் சாமான் வைக்கப் பெட்டி வாங்கப் போகிறவர்கள் எத்தனை தட்டு, எத்தனை அறை என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தேவனாம்பட்டினம் கடற்கரை, உப்பனாற்று ஓரம், புதுச்சேரி கடற்கரைச் சாலையின் கருங்கல் சரிவு என்று பல வருடமாகத் தூண்டில் போட்டு வருகிறேன். நான் கேட்கும் கேள்வி வேறு: இந்தப் பெட்டியை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தால் எவ்வளவு சீக்கிரம் காயும்? நம் கரையில் ஒரு பெட்டி நல்லதா இல்லையா என்பது இதில் தெரிந்துவிடும்.

காரணம் உப்பு. கடல் உப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை, மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 33 சதவீதத்தைத் தாண்டினாலே மெக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு தானே கரைய ஆரம்பித்துவிடும். ஐப்பசி மாதம் கல்லுப்பு ஜாடியின் அடியில் நீர் கோத்து நிற்கிறதே, அதே சங்கதிதான். கடலோரத்தில் ஈரப்பதம் அந்த அளவுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே கடல் தண்ணீரில் போட்ட லூரை, அதாவது மீனை ஏமாற்றும் செயற்கை இரையை, கழுவாமல் வெறுமனே காயவைத்தால் கைக்கு உலர்ந்த மாதிரித் தெரியும், பெட்டிக்குள் போன பிறகு மறுபடி நசநசக்கும். லூரில் தொங்கும் தூண்டில் முள் பெரும்பாலும் கார்பன் அதிகமுள்ள எஃகு. மேலே நிக்கலோ தகரமோ மெல்லிய பூச்சாக இருக்கும். ஒரே அறையில் நாலு லூர் ஒன்றோடொன்று உரசினால் பூச்சு தேய்ந்து, தேய்ந்த இடத்தில் துரு பிடிக்கும். அப்புறம் அந்தத் துரு பக்கத்து லூரின் பெயின்ட் மேலும் கறையாகப் படியும்.

இனி பெட்டிகள். நான் அதிக நாள் வைத்திருப்பது மூடியைத் திறந்தால் தட்டுகள் படிக்கட்டு மாதிரி விரியும் பெரிய டூல்பாக்ஸ் வகை. ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும், புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் பார்க்கலாம். எல்லாச் சாமானும் ஒரே பார்வையில் தெரியும் என்பது உண்மையிலேயே பெரிய வசதி. ஆனால் தட்டுகளைத் தூக்கும் கைகளில் இரும்பு ரிவெட் இருந்தால் ஒரு மழைக்காலத்திலேயே இறுகிவிடும். என்னுடையது அப்படித்தான் ஆனது. எண்ணெய் விட்டு விட்டு ஓட்டினேன், கடைசியில் ரிவெட்டைத் தட்டி எடுத்துவிட்டு பித்தளை போல்ட் போட்டேன். இன்னொரு தொல்லை எடை. ஈயக்குண்டையும் சேர்த்து நிரப்பிய பெட்டியை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் வைத்து ஓட்டவும் முடியாது, பாசி பிடித்த கருங்கல் மேல் ஒரு கையில் தூக்கிக்கொண்டு நடக்கவும் முடியாது. இந்த வகையை வீட்டில் வைக்கும் கிடங்காக மட்டும் வாங்குங்கள்.

கரைக்கு எடுத்துப் போக நான் நம்புவது தட்டையான கட்டம் போட்ட பெட்டிகளை. பிளானோ என்ற அமெரிக்க நிறுவனம் 3600, 3700 என்று எண் கொடுத்து விற்கும் அளவுகள் இந்த வகையில் பொது அளவாகவே ஆகிவிட்டன, மற்ற பல நிறுவனங்களின் பெட்டிகளும் பைகளும் இவற்றை ஒட்டியே வருகின்றன. 3600 ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் நீளம், 18 அகலம், நாலரை உயரம். 3700 கொஞ்சம் பெரிது, 36க்கு 23. தோள் பையில் போட்டு நடப்பவருக்கு 3600 போதும். கொடுவா, சீலா மீன்களுக்குப் போடும், சிறுமீன் வடிவில் நீளமாக இருக்கும் மினோ லூர்களை அதிகம் வைத்திருந்தால் மட்டும் 3700க்குப் போகலாம். லூரை அளக்கும்போது தொங்கும் முள்ளையும் சேர்த்து அளக்க வேண்டும். உடல் நுழைந்து முள் நுழையாத அறையால் பிரயோஜனம் இல்லை.

கடையில் நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு, கடைக்காரர்கள் கொஞ்சம் விநோதமாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை. சட்டைப் பையில் இருப்பதிலேயே சின்ன ஸ்விவல் (தூண்டில் நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் உலோக இணைப்பு) ஒன்றைக் கொண்டு போவேன். நகர்த்தக்கூடிய தடுப்புகளைச் செருகி, ஓர் அறையில் ஸ்விவலைப் போட்டு, மூடி, நன்றாகக் குலுக்குவேன். திறந்து பார்க்கும்போது அது பக்கத்து அறைக்குப் போயிருந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு 20 கிலோமீட்டர் சொச்சம் பைக்கில் போனால் அந்தக் குலுக்கலைவிட மோசமாகக் குலுங்கும், போய்ச் சேரும்போது ஸ்விவலும் லூரை மாட்டும் ஸ்னாப் கொக்கியும் கலந்து கிடக்கும். அடுத்து மூடியை ஒரு மூலையில் அழுத்திப் பார்க்க வேண்டும். எதிர் மூலை தூக்கினால் நடுவில் தாழ்ப்பாள் போதவில்லை என்று அர்த்தம். நீளப் பெட்டிக்கு இரண்டு தாழ்ப்பாளாவது வேண்டும். அதே தாழ்ப்பாளை இறால் இரை தொட்ட வழுவழுப்பான விரலால் திறக்க முடியுமா என்றும் யோசித்துப் பாருங்கள்.

பெட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன். கொஞ்சம் பால் கலந்த மாதிரி மங்கலாக, வளைந்து கொடுக்கும். இதில் மூடியும் உடலும் ஒரே பிளாஸ்டிக்காக மடியும் கீல் வருடக்கணக்கில் தாங்கும், துருப்பிடிக்க அதில் கம்பியே இல்லை. 6 என்றால் பாலிஸ்டைரீன். கண்ணாடி போலப் பளிச்சென்று இருக்கும், பார்த்தால் வாங்கத் தோன்றும், ஆனால் விழுந்தால் விரிசல் விடும். அதைவிட முக்கியம், ரப்பர் மீன், ரப்பர் புழு என்று நாம் சொல்லும் மெத்து லூர்களில் பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் மெல்ல வெளியே வந்து பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். அக்னி நட்சத்திர வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் அடைத்து வைத்தால் இன்னும் சீக்கிரம் நடக்கும். திறக்கும்போது புழு பெட்டியோடு ஒட்டிப் பிசினாக இருக்கும். டிபிஇ என்ற, ரப்பர் மாதிரி ரொம்பவும் நீளும் பிளாஸ்டிக் ரக லூர்களையும் சாதாரண பிவிசி லூர்களையும் ஒரே அறையில் போட்டாலும் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். மெத்து லூர்களை வந்த கவரிலேயே வைத்திருப்பதுதான் நல்லது.

பாலிப்ரொப்பிலீனுக்கும் ஒரு பலவீனம் உண்டு. வெயிலில் நாள் முழுக்கக் கிடந்தால் நாளடைவில் நொறுங்கும் தன்மை வந்துவிடும். மொட்டை மாடியில் காயவைக்கிறேன் என்று பெட்டியை மறந்துவிடாதீர்கள். நிழலில், ஃபேன் காற்றில் காயட்டும்.

ரப்பர் வளையம் வைத்த வாட்டர்ப்ரூஃப் பெட்டியைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் அதற்குத்தான் அதிகப் பணம் கொடுக்கிறார்கள். அது வெளியே இருக்கும் தண்ணீரை உள்ளே விடாது, உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியேயும் விடாது. ஈரமான லூர் ஒன்று போனால் போதும், அத்தனை முள்ளுக்கும் அது பரவும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த சமயத்தில் வெயிலே முகம் காட்டவில்லை, பெட்டிகளைத் திறக்கக்கூட யாருக்கும் மனசு இல்லை. எல்லாம் ஓய்ந்த பிறகு பார்த்தபோது, வளையம் வைத்த பெட்டியில் இருந்த பழைய லூர்களின் ட்ரெபிள் முள்ளெல்லாம் (மூன்று கொக்கி உள்ள முள்) செம்பழுப்பு. காற்றோட்டமுள்ள பெட்டியில் இருந்தவை அங்கங்கே புள்ளியோடு தப்பித்தன. இப்போது வளையம் வைத்ததில் பிரிக்காத முள் பாக்கெட், ரீலின் உதிரிகள், கைபேசி இவை மட்டும்தான். அந்த வேலைக்கு அதைவிட நல்ல பெட்டி இல்லை.

கடலில் போட்ட லூர்களுக்கு நான் வைத்திருப்பது ஓட்டை போட்ட பெட்டி. பக்கத்தில் காற்றுத் துளையும் அடியில் வடிகால் துளையும் வைத்தே சில பெட்டிகள் வருகின்றன. கிடைக்காவிட்டால் சாதாரண பாலிப்ரொப்பிலீன் பெட்டியில் ஒவ்வோர் அறையின் மூலையிலும் 4 மில்லிமீட்டர் ட்ரில்லால் துளை போட்டு, பிசிறை பிளேடால் சுரண்டிவிடலாம். வீட்டுக்கு வந்ததும் பெட்டியை மூடியபடியே நல்ல தண்ணீர் வாளியில் முக்கி, சற்று ஊறவிட்டு, இரண்டு தடவை தண்ணீர் மாற்றி, மூடியைத் திறந்து சாய்த்து வைத்துவிட்டால் வேலை முடிந்தது. லூரை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவும் பொறுமை விடியற்காலையில் எழுந்து போய் வந்தவனுக்கு இருக்காது. வேலையை எளிதாக்கும் பெட்டிதான் நடைமுறையில் சாமானைக் காப்பாற்றுகிறது. பாகூர் ஏரிப் பக்கம் விராலுக்கு, குத்தகைக்காரரைக் கேட்டுக்கொண்டு, தவளை லூரோடு போகும் நாட்களில் இத்தனை பாடு இல்லை, நன்னீர்தான். துடைத்து வைத்தாலே போதும்.

சிலிக்கா ஜெல் பாக்கெட் போடுகிறவர்கள் நிறம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். நீல மணிகள் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும், சூடாக்கினால் மறுபடி நீலமாகும். அந்த நீலம் கோபால்ட் குளோரைடு, விஷமுள்ளது, சமையல் பாத்திரத்தில் வறுக்கக் கூடாது. துளை போட்ட பெட்டிக்கு இது தேவையே இல்லை, ஊர்க் காற்றிலிருக்கும் ஈரத்தையெல்லாம் ஒரு பாக்கெட் குடித்துத் தீர்க்க முடியாது.

ஈயக்குண்டு தனி டப்பாவில் இருக்கட்டும். கனமான குண்டுகள் தடுப்பைப் பெயர்த்து நரம்பையும் நசுக்கும், தொட்ட கையைக் கழுவாமல் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுவதும் நல்லதல்ல. இரை இறாலுக்கு ஐஸ்கிரீம் டப்பா போதும், அது தூண்டில் பைக்குள்ளேயே வரக் கூடாது. கிழங்கானுக்கும் மடவைக்கும் மட்டும் தூண்டில் போடுகிறவர் பெட்டிக்காக அலையவே வேண்டாம். சின்ன முள், தக்கை, குண்டு, முள் பக்கம் கட்டும் லீடர் நரம்பு கொஞ்சம் எல்லாம் பாசிமணி வைக்கும் சின்னக் கட்ட டப்பாவிலேயே அடங்கிவிடும். ஃபேன்சி ஸ்டோரில் கேட்டால் கொடுப்பார்கள், அடியில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

பெட்டிகளைப் போட்டுக்கொள்ளும் துணிப் பையில் ஜிப் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், இழுக்கும் ஓடி உட்பட. உலோக ஓடி உப்பில் கெட்டிப்பட்டு, மீன் அடிக்கிற நேரம் பார்த்துத் திறக்காது. என் பையில் ஓடி மட்டும் உலோகம். இப்போதைக்கு மெழுகுவர்த்தி தேய்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அடுத்த பை வாங்கும்போது முதலில் பார்க்கப் போவது அதைத்தான்.