கல்லுக்கு வயசு பார்ப்பது: நுண்படிவமா, கார்பன் விகிதமா?

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டில் மராமத்து நடந்துகொண்டிருந்தது. வளவுச் சுவரில் சிப்பிச் சுண்ணாம்புப் பூச்சு, முகப்பில் இத்தாலி மார்பிள், அடுப்படி மேடையில் கடப்பாக் கல். மூன்றுமே பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். நான் நிலவியல் படித்தவன் என்று தெரிந்ததும் வீட்டு ஆச்சி கேட்டார்: "தம்பி, இந்தக் கல்லுக்கெல்லாம் என்ன வயசிருக்கும்?" பக்கத்தில் நின்ற பேரன், "கார்பன் வச்சுப் பாத்துரலாம் ஆயா" என்றான்.

அவன் மனதில் இருந்தது கார்பன்-14. அது 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் அளக்க மிச்சம் இருக்காது. கோடி ஆண்டுக் கல்லுக்கு அது உதவாது. அங்கே பயன்படுவது சிதையாத இரண்டு கார்பன்கள், 12-ம் 13-ம், ஒன்றுக்கொன்று உள்ள விகிதம். அதற்குப் போட்டி, கல்லுக்குள் கிடக்கும் நுண்படிவங்கள், அதாவது சிற்றுயிர்களின் கல்லான எச்சங்கள். ஆழமற்ற கடலில் உருவான சுண்ணாம்புக் கல்லுக்கு இரண்டில் எது நம்பகம் என்பதுதான் கேள்வி.

நுண்படிவத்தில் தொடங்குகிறேன். செட்டிநாட்டில் செம்புறாங்கல் உண்டு, சுண்ணாம்புக் கல் கிடையாது. அதற்குத் திருச்சி தாண்டிக் கல்லக்குடி, அரியலூர்ப் பக்கம் போக வேண்டும். (ஊர்ப் பெயரை மாற்றப் போராட்டமே நடந்தது, நிலவியல்காரர்கள் மட்டும் அந்தப் பாறைத் தொகுதியை இன்றும் 'டால்மியாபுரம்' என்றே எழுதுகிறார்கள்.) பவளமும் பாசியும் வளர்ந்த கடலோரத்துக் கல், சுமார் 11 கோடி வயது. அதில் ஒரு துண்டை அறுத்துக் கண்ணாடியில் ஒட்டி, கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் விட்டு 30 மைக்ரான் கனச் சீவலாகத் தேய்க்க வேண்டும். தலைமுடியில் பாதிகூட இல்லை. பத்து சுற்று கூடுதலாகத் தேய்த்தால் கல்லே காணாமல் போய்விடும். சரியாக வந்தால், நுண்ணோக்கியில் பாசியின் வலைக்கண்களும், ஃபோராமினிஃபெரா (சுருக்கமாக ஃபோராம்) என்ற ஒற்றைச் செல் கடலுயிரின் ஓட்டு அறைகளும் கோலம் போட்டதுபோலத் தெரியும்.

பழைய வீட்டின் காலத்தைச் சாமான்களை வைத்துச் சொல்வதுபோல இது. எந்த எனாமல் தூக்கு எப்போது வந்தது என்று தெரிந்தவருக்கு அறையின் காலம் பிடிபட்டுவிடும். பேலியோசீன், இயோசீன் காலத்து (சுமார் 6.6 முதல் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்) ஆழமற்ற கடல் படிவுகளை, நும்முலைட்டஸ் போன்ற பெரிய ஃபோராம்களை வைத்து 20 மண்டலங்களாக 1998-இல் பிரித்தார்கள். மொத்தம் சுமார் 3.2 கோடி ஆண்டுகள் என்பதால், ஒரு மண்டலத்துக்குச் சராசரி 16 லட்சம் வரும்.

வில்லங்கமும் அதே வீட்டு உதாரணத்தில் இருக்கிறது. இடித்த வீட்டின் நிலைக்கதவைப் புது வீட்டில் பொருத்துவார்கள் அல்லவா? அதேபோல பழைய கல் அரிந்து, அதிலிருந்த படிவங்கள் புதிய சேற்றில் வந்து சேரும். அப்புறம், காலத்தை நுணுக்கமாகச் சொல்லும் மிதவை ஃபோராம்கள் திறந்த கடல்வாசிகள். கரையோரக் கல்லில் அபூர்வம். கரையோரத்தில் வாழ்ந்தவையோ ஆழம், வெளிச்சம், சேறு பார்த்துக் குடியேறியவை. ஒன்று இல்லையென்றால் அது இன்னும் பிறக்கவில்லை என்றும் பொருள், அந்த இடம் அதற்குப் பிடிக்கவில்லை என்றும் பொருள்.

கார்பன் விகிதம் வேறு ரகம். பழைய கணக்குப் பேரேடு மாதிரி. கடல்நீரின் கார்பன்-13 விகிதம் உலகளவில் ஏறி இறங்கியது சுண்ணாம்பில் பதிவாகிறது. 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் ஆக்சிஜன் குறைந்து கரிமச் சேறு புதைந்தபோது, ஆயிரத்துக்கு 2 பங்குக்கும் மேல் ஏறியது. 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி சட்டென்று சூடானபோது சரிந்தது. 1942-இல் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது, பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்த செட்டியார்கள் எல்லார் கணக்கிலும் தெரிவதுபோல, இது எல்லாக் கடல் கல்லிலும் தெரிய வேண்டும். படிவமே இல்லாத கல்லிலும் எடுக்கலாம். ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான பொடி போதும்.

ஆனால் இந்தப் பேரேட்டில் வருஷம் எழுதியிருக்காது. ஒரு ஏற்றம் இன்னொரு ஏற்றத்தைப் போலத்தான் இருக்கும். பக்கங்களும் கிழிந்திருக்கும்: ஆழமற்ற கடல் அடிக்கடி வற்றித் தரை வெளியே வரும், படிவு நின்றுபோகும். அப்போது மண்ணில் ஊறி இறங்கும் மழைநீர், கார்பன்-13 குறைந்த தாவரக் கார்பனைக் கொண்டுவந்து விகிதத்தைக் கீழே இழுத்துவிடும். பகாமாவின் ஆழமற்ற சேற்றிலோ அரகோனைட் (கால்சியம் கார்பனேட்டின் இன்னொரு படிக வடிவம்) காரணமாக விகிதம் திறந்த கடல் படிவைவிட உயர்ந்தே நிற்கிறது. அது உலகக் கணக்கல்ல, உள்ளூர்க் கணக்கு.

படிக்கும் காலத்தில் இதில் நானே ஏமாந்தேன். பல் மருத்துவர் துரப்பணம் போன்ற ஒன்றால் வரிசையாகப் பொடி எடுத்தோம். ஒரு மாதிரி மட்டும் மைனஸ் 6, அதாவது ஒப்பீட்டுக்கு வைத்த அளவைவிட ஆயிரத்துக்கு 6 பங்கு குறைவு, காட்டியது. பெரிய காலவெல்லையே கிடைத்துவிட்டது என்று இரண்டு நாள் தூக்கமில்லை. மறுபடி கல்லைப் பார்த்தால், துரப்பணம், வெடிப்பில் பின்னால் வந்து படிந்த ஒரு வெள்ளைக் கால்சைட் நரம்பைத் தொட்டிருக்கிறது. கூடவே ஆக்சிஜன் விகிதத்தைப் பார்த்திருந்தால் அன்றே சந்தேகம் வந்திருக்கும்.

ஒன்றுக்குத்தான் காசு என்றால் நான் சீவல்தான் தேய்ப்பேன். காலம் ஏறக்குறையத் தெரியும், கல் கெட்டிருக்கிறதா என்பதும் கண்ணுக்குத் தெரியும். அதற்குப் பிறகு கார்பன் எடுத்தால் எந்த ஏற்றம் எது என்று பொருத்தலாம், மண்டலத்தைவிட நுணுக்கமாகவே. தலைகீழாகச் செய்தால் வளைகோட்டை எங்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். விதிவிலக்கு கடப்பாக் கல் போன்றவை. அவை மிகப் பழையவை, ஃபோராம் தேடிப் பயனில்லை, கார்பனைத்தான் கெஞ்ச வேண்டும்.

ஆச்சியிடம் மார்பிளைப் பற்றிச் சொன்னேன்: வெந்து உருமாறியதில் படிவம் அழிந்துவிட்டது, கார்பன் விகிதம் ஓரளவு தங்கும், எந்தச் சுரங்கத்துக் கல் என்று கண்டுபிடிக்கவே அதைப் பயன்படுத்துகிறார்கள். பேரனின் கார்பன்-14 செல்லுபடியாவது சுவருக்கு மட்டும். சிப்பியைச் சுடும்போது பழைய கார்பன் போய்விடும். பூச்சு இறுகும்போது அன்றைய காற்றிலிருந்து புதிதாக ஏறும். நூறு வருஷச் சுவர் என்றால் பிழையே வயசளவுக்கு வரும்.

"அதெதுக்கு தம்பி, நிலைக்கு மேலயே வருஷம் எழுதியிருக்கே" என்றார் ஆச்சி.

நிலை இந்த வீட்டுக்கே செய்ததுதானா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாமியார்தான் சொல்லணும்" என்றார்.