பிரிண்டர் உதவி எண்ணைத் தேடப்போய் 53,620 ரூபாய் இழந்தேன்

வீட்டில் கணினியும் பிரிண்டரும் வைத்திருப்பவர்கள், குறிப்பாக எதுவும் பழுதானவுடன் கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடிப் பிடித்து அழைக்கும் பழக்கம் உள்ளவர்கள், இதை முழுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது என்று வங்கிகள் சொல்வதை நான் ஒருநாளும் மீறியதில்லை. இந்த முறையும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் பணம் போனது.

கடந்த ஜூன் மாதம் வீட்டு இணைய இணைப்பை மாற்றினோம். புதிய ரவுட்டர் வந்த மறுநாள், மகளின் கல்லூரிக் கலந்தாய்வுக்கான விண்ணப்பத்தை அச்செடுக்க முயன்றபோது பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று காட்டியது. பிரிண்டர் நிறுவனத்தின் பெயருடன் 'கஸ்டமர் கேர்' என்று சேர்த்துத் தேடினேன். முதலில் வந்த முடிவைத் திறந்தேன். அது பணம் கொடுத்து முன்னால் வைக்கப்பட்ட விளம்பரம் என்பதைச் சொல்லும் சிறிய எழுத்துகளை நான் கவனிக்கவில்லை. நிறுவனத்தின் நிறங்களோடும் சின்னத்தோடும் இருந்த அந்தப் பக்கம் பிரிண்டரின் மாடல் எண்ணைக் கேட்டது. டிரைவர், அதாவது பிரிண்டரை இயக்கும் மென்பொருள், இறங்குவதுபோல் ஒரு பட்டை நகர்ந்தது. பாதிக்கு மேல் வந்ததும் 'நிறுவ முடியவில்லை' என்ற சிவப்பு அறிவிப்பும் ஓர் உதவி எண்ணும் தோன்றின. பின்னர் என் மகள் அதே பக்கத்தில் மாடல் எண்ணுக்குப் பதிலாக கைக்கு வந்த எழுத்துகளைத் தட்டிப் பார்த்தபோதும், அதே பட்டை அதே இடத்தில் நின்று அதே எண்ணைக் காட்டியது. அந்தப் பக்கம் எதையும் இறக்கவில்லை. என்னை அந்த எண்ணுக்கு அழைக்க வைப்பது மட்டுமே அதன் வேலை.

அந்த எண்ணை அழைத்தேன். எடுத்தவர் நல்ல தமிழில், மிகவும் பொறுமையாகப் பேசினார். "பிரிண்டர்ல எந்தப் பிரச்சினையும் இல்ல சார், உங்க நெட்வொர்க்லதான் இருக்கு" என்றார். கணினியைத் தூரத்திலிருந்து இயக்க உதவும் ஒரு செயலியை நிறுவச் சொல்லி, திரையில் வந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கைப்பேசியும் அதே வைஃபையில் இருப்பதால் அதையும் சோதிக்க வேண்டும் என்று கூறி, அதிலும் நிறுவச் செய்தார்.

பிறகு எனக்கு மூன்று 'ஆதாரங்களை'க் காட்டினார். இவற்றை விரிவாகச் சொல்வது அவசியம் என்று கருதுகிறேன், ஏனெனில் மூன்றும் விண்டோஸ் கணினி ஒவ்வொன்றிலும் இருப்பவை. முதலில் 'ஈவென்ட் வியூவர்' என்ற பகுதியைத் திறந்து, வரிசையாக இருந்த சிவப்பு, மஞ்சள் குறிகளை வைரஸ் என்றார். உண்மையில் அது கணினி தனக்காக எழுதிக்கொள்ளும் குறிப்பேடு. நன்றாக இயங்கும் கணினியிலும் அத்தகைய குறிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அடுத்து, கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையில், இணைய இணைப்புகளைப் பட்டியலிடும் 'நெட்ஸ்டாட்' கட்டளையைத் தட்டி, 'ஃபாரின் அட்ரஸ்' என்ற தலைப்பின் கீழ் இருந்த எண்களைக் காட்டி, வெளிநாட்டிலிருந்து பலர் உள்ளே நுழைந்திருப்பதாகச் சொன்னார். அங்கே அந்தச் சொல்லுக்கு இணைப்பின் மறுமுனை என்றுதான் பொருள். நாம் திறந்து வைத்திருக்கும் செய்தித்தாள் பக்கம்கூட அந்தப் பட்டியலில் வரும். கடைசியாக 'ட்ரீ' என்ற கட்டளையைக் கொடுத்தார். கோப்புறைகளின் பெயர்களைக் கிளை கிளையாகத் திரையில் காட்டுவது மட்டுமே அதன் வேலை. ஆனால் எழுத்துகள் வேகமாக ஓடுவதைப் பார்த்தால் பெரிய பரிசோதனை நடப்பது போலவே இருக்கும். அது ஓடி முடிந்ததும் இறுதி வரியில் 'ட்ரோஜன் (தீங்கு செய்யும் மறைமுக மென்பொருள்) கண்டறியப்பட்டது' என்று ஆங்கிலத்தில் வந்து நின்றது. அதை எழுதியது கணினி அன்று, மறுமுனையில் தட்டச்சு செய்த அவர்.

மூன்று ஆண்டுப் பாதுகாப்புக்கு 4,000 ரூபாயும் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்த்து 4,720 ரூபாய் கேட்டார். யுபிஐ வழியாகச் செலுத்தினேன். மின்னஞ்சலில் ஜிஎஸ்டி எண்ணுடன் ரசீது வந்தது. அதைவிட முக்கியமாக, பத்து நிமிடங்களில் பிரிண்டர் அச்சிடத் தொடங்கியது. அதனால்தான் நான் அவரை முழுவதும் நம்பினேன். பழைய ரவுட்டரின் பெயரையும் கடவுச்சொல்லையுமே பிரிண்டர் நினைவில் வைத்திருந்தது. அதன் வைஃபை பட்டியலில் புதிய இணைப்பைத் தேர்ந்தெடுக்க வைத்ததுதான் அவர் செய்த ஒரே பழுதுபார்ப்பு. புதிய ரவுட்டருக்குப் பழைய பெயரையும் கடவுச்சொல்லையும் வைத்தாலே பெரும்பாலும் இந்தச் சிக்கல் எழுவதில்லை. பல பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வைஃபையில் மட்டுமே இணையும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மறுநாள் பிற்பகல் அவரே அழைத்தார். தவறான திட்டத்தில் பணம் பெற்றுவிட்டதாகவும், 2,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும் என்றும் கூறி, நெட்பேங்கிங்கைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் 'அப்டேட் ஆகிறது' என்ற வாசகத்துடன் கணினித் திரை கறுப்பானது. நான் காத்திருந்தேன். கைப்பேசியில் குறுஞ்செய்திகள் வந்தன. அதன் திரையை அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். 24,900 ரூபாயும் 24,000 ரூபாயும் அடுத்தடுத்து வெளியேறின. நம் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஓடிபியை யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய செயலியைக் கைப்பேசியில் நிறுவச் செய்து பணம் எடுக்கும் முறையைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்திருந்தது. அதை நான் அறிந்தது பணம் போன பிறகுதான்.

அடுத்த ஒன்றரை மணி நேரத்தை வீணாக்கினேன் என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். அந்த மனிதரையே திரும்பத் திரும்ப அழைத்தேன்; பின்னர் வங்கிக் கிளைக்கு ஓடினேன். "அப்பா, முதல்ல 1930க்குப் பேசுங்க" என்று மகள் வற்புறுத்திய பிறகே தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்தேன். வங்கியின் பெயர், கணக்கு எண், பரிவர்த்தனை எண், நேரம், தொகை ஆகியவற்றைக் கேட்டார்கள். அவற்றை எழுதி வைத்துக்கொண்டு அழைப்பது நல்லது. அதன் பிறகு cybercrime.gov.in தளத்தில் புகாரை முழுமையாகப் பதிவு செய்தோம். இரண்டாவது தொகை சென்று சேர்ந்த கணக்கிலேயே முடக்கப்பட்டது. முதல் தொகையை அதற்குள் ஏடிஎம்மில் எடுத்துவிட்டார்கள்.

என் வங்கி இழப்பீடு தர மறுத்தது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6ஆம் தேதிச் சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட இழப்பு அவரையே சேரும். தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பைத்தான் வங்கி ஏற்கும். ஆகவே தகவல் தெரிவித்த நேரத்துக்கு எழுத்து வடிவில் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட எண்ணை ஏற்கெனவே அழைத்து, செயலியையும் நிறுவியிருந்தால், முதலில் ரவுட்டரை அணைத்து, கைப்பேசியின் மொபைல் டேட்டாவையும் நிறுத்துங்கள். பிறகு இரண்டு கருவிகளிலிருந்தும் அந்தச் செயலியை நீக்குங்கள். எங்கள் கணினியில், அனுமதி கேட்காமலே மீண்டும் நுழையும்படி அவர் ஒரு கடவுச்சொல்லை அமைத்து வைத்திருந்தார். வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். உதவி எண் தேவைப்பட்டால் பிரிண்டருடன் வந்த கையேட்டிலோ பெட்டியிலோ அச்சிடப்பட்டிருப்பதைப் பாருங்கள். திரையில் தானாகத் தோன்றும் எண் எதையும் அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட்டின் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருப்பதே இல்லை என்று அந்த நிறுவனமே அறிவித்திருக்கிறது.

முடக்கப்பட்ட 24,000 ரூபாயைத் திரும்பப் பெற நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்று காவல் நிலையத்தில் கூறியிருக்கிறார்கள். அதற்கான மனுவைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.