ஏற்காட்டுக் குளிரும் தைராய்டுக் கைகளும்: கையுறை, வெந்நீர்ப் பை, இறுக்கச் சாக்ஸ் – எதை வாங்கலாம், எதை விடலாம்

சேலத்து வெயில் பல தொந்தரவுகளை மூடி மறைத்துவிடும். தைராய்டு குறைவாகச் சுரப்பவரின் விரல்கள் ஆண்டில் பெரும்பாலான நாட்கள் இங்கே சும்மா இருக்கும். ஏ.சி. போட்ட நகைக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலோ, ஃப்ரிட்ஜிலிருந்து மாவுப் பாத்திரத்தை எடுத்தாலோ, மார்கழியில் ஏற்காடு ஏறினாலோதான் குட்டு வெளிப்படும். விரல் நுனி சில்லிட்டு, மரத்து, சட்டைப் பொத்தான் போட வராமல் விறைத்துக்கொள்ளும். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1200 மீட்டர். அதற்கே ஏழெட்டு டிகிரி குறைந்துவிடும். இருபது கொண்டை ஊசி வளைவையும் பைக்கில் ஏறுபவருக்கு எதிர்காற்று இன்னும் கொஞ்சம் குளிரைக் கூட்டும்.

மலைக்குப் போய்வந்த மறுநாள் கடை தேடல் தொடங்கும். ‘ரத்த ஓட்டத்துக்கு’ என்று அட்டையில் அச்சடித்த பொருள்தான் முதலில் கண்ணில் படும். தமனி, சிரை, நரம்பு என்று எது கெட்டிருந்தாலும் அட்டையில் அதே வார்த்தைதான். அதை நம்பி வாங்கினால் பணம் போவதோடு நிற்காது, சிலருக்குத் தோலும் போகும்.

பொருளை எடைபோடுவதற்கு முன் உடம்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். தைராய்டு சுரக்கும் தைராக்சின் என்ற ஹார்மோன் குறைந்தால் உடம்பு உண்டாக்கும் வெப்பமே குறைகிறது, இதயத் துடிப்பும் மெதுவாகிறது. இருக்கிற சூட்டை நடு உடம்புக்குச் சேமிக்க, கை கால் தோலின் சின்ன ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ரேனாட் என்பது வேறு. குளிரோ மனப் பதற்றமோ பட்டவுடன் விரலின் குழாய்கள் வெடுக்கென இறுகும், விரல் வெளுத்து, நீலம் பாய்ந்து, சூடானதும் சிவந்து தெறிக்கும். 1862-இல் மோரிஸ் ரேனாட் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை விவரித்தார். நம் நிறத்தில் ‘வெளுப்பு’ சாம்பல் பூத்தது போலத்தான் தெரியும், அதனால் நகத்தடியையும் உள்ளங்கையையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒருவருக்கே இருந்தால் குளிர் இரட்டிப்பாக வேலை செய்யும். ஆகவே இருக்கிற சூட்டை வெளியே விடாமல் காக்கிற பொருளுக்கு முதலிடம். வெளியிலிருந்து சூடு தருகிற பொருளுக்கு நிபந்தனையோடு இடம். காலை இறுக்குகிற பொருளுக்கு, பரிசோதனை இல்லாமல் இடமே இல்லை.

கையுறையில் ஏமாற்று அதிகம். குளிர்காலத்துத் தெருவோரக் கடைகளில் ‘கம்பளி’ என்று தருவதில் பெரும்பகுதி அக்ரிலிக். கண்டுபிடிப்பது சுலபம்: உள்பக்கத் தையலிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே தீக்குச்சியைக் காட்டுங்கள். முடி கருகும் வாசனை வந்து, மிச்சம் விரலில் பொடியானால் கம்பளி. உருகிக் கெட்டியான கறுப்பு மணியாகத் திரண்டால் அக்ரிலிக். அக்ரிலிக் மோசம் என்றில்லை, காய்ந்த குளிருக்குப் போதும். நனைந்தால்தான் வித்தியாசம் தெரியும். கம்பளி ஈரத்திலும் ஓரளவு சூட்டைப் பிடித்து வைக்கும். பருத்தியோ தண்ணீரை உறிஞ்சி விரலோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும் என்பதால், நனைந்த பருத்திக் கையுறை போட்டிருப்பதைவிடப் போடாமல் இருப்பதே மேல்.

விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட, கட்டைவிரல் மட்டும் தனியாகவும் மற்ற நான்கும் ஒரே பைக்குள்ளும் போகிற வகைதான் கதகதப்பு. நான்கு விரலும் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும். போனைத் தொட முடியாது, சில்லறை எண்ண முடியாது என்பது நிஜம். அதற்கு உள்ளே ஒரு மெல்லிய விரல் கையுறை, மேலே இந்தப் பை என இரண்டடுக்காகப் போட்டால், பையை மட்டும் கழற்றி வேலையை முடித்துக்கொள்ளலாம். அளவு இறுக்கமாக இருக்கக் கூடாது. விரல் நுனிக்கு மேல் அரை சென்டிமீட்டராவது காலியிடம் வேண்டும், அங்கே நிற்கிற காற்றுதான் காப்பு. மணிக்கட்டை மூடாத கையுறையை எடுக்கவே வேண்டாம். நாடி பார்க்கிற இடத்தில் ரத்தக் குழாய் தோலுக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகிறது.

பனியில் நனைந்த செடியில் காபிப் பழம் பறிப்பவருக்குக் கம்பளி ஒத்துவராது, ஒரு மணி நேரத்தில் சேறாகிவிடும். மெல்லிய கம்பளி அல்லது அக்ரிலிக் உறைக்கு மேல் ஒரு அளவு பெரிய நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை சரியாக வரும். உள்ளே வியர்த்தால் உள்ளுறையை மாற்ற வேண்டும், ஆகவே மூன்று ஜோடி கையில் இருக்கட்டும். காலையில் பாத்திரம் விளக்கவும் இதே ஏற்பாடுதான். பைக் ஓட்டுபவருக்குக் கையுறையைவிட, ஹேண்டில் பிடியையே மூடுகிற ரெக்சின் உறை அதிகப் பலன் தரும். பிரேக் லீவர் தடையில்லாமல் அழுந்துகிறதா என்று வண்டி நிற்கும்போதே பத்து முறை அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும்: நடு உடம்பு குளிர்ந்தால் எந்தக் கையுறையும் தோற்கும். ஸ்வெட்டர், மங்கி கேப், கழுத்துத் துணி இவற்றுக்குப் பிறகுதான் கை. மலையேறும் பேருந்தில் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் கையுறையைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

காலுறையில் சொல்ல அதிகமில்லை. செருப்போடு போட வசதியாகப் பெருவிரல் பிரிந்த சாக்ஸ் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. பெரும்பாலும் மெல்லிய நைலான், வெயிலுக்கும் தூசிக்கும் பரவாயில்லை, குளிருக்குப் பயனில்லை. மொத்தமான சாக்ஸை ஏற்கெனவே இறுக்கமான ஷூவுக்குள் திணித்தால் விரல் இன்னும் சில்லிடும். சாக்ஸ் கழற்றியதும் எலாஸ்டிக் தடம் பத்து நிமிடத்துக்கு மேல் அப்படியே இருந்தால் அந்த ஜோடி உங்களுக்கில்லை. மெட்டி, மோதிரம், கொலுசு இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். தைராய்டு குறைவால் வரும் வீக்கத்தில் விரல் தடித்து மெட்டி பதிந்துபோனதைக் கவனிக்காமல், குளிர்மேல் பழி போடுகிறவர்கள் உண்டு.

அடுத்தது வெந்நீர்ப் பை. நம் பக்கத்தில் சுடுதண்ணிப் பை. ஒரு பக்கம் வரி வரியாகவும் மறுபக்கம் வழவழப்பாகவும் இருக்கும் ரப்பர்ப் பைதான், எளிமையானது, மின்சாரம் வேண்டாம், சரியாகப் பயன்படுத்தினால் நல்ல பொருள். தப்புகள் எல்லாம் நிரப்புவதில்தான். கொதிக்கக் கொதிக்க ஊற்றுவது முதல் தப்பு. ஏற்காட்டில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆனால் அதுவும் தோலுக்கும் ரப்பருக்கும் மிக அதிகம். கொதித்த தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் சரிபாதி கலந்தால் 55–60 டிகிரி வரும், அதுவே ஏராளம். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். பையை மேசைமேல் படுக்கவைத்து, வாய்ப்பக்கத்தை மட்டும் தூக்கி, தண்ணீர் வாய்க்கு வரும்வரை மெல்ல அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடியைத் திருகுங்கள். காற்று உள்ளே இருந்தால் பை உப்பி, படுக்கும்போது கழுத்துத் தையலில் பிளக்கும். தலைகீழாகக் கவிழ்த்துச் சொட்டுகிறதா என்று பார்த்த பிறகே துண்டில் இரண்டு மடிப்பாகச் சுற்ற வேண்டும்.

பையை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். மரத்துப்போன விரல் நுனியில் நேராக வைக்கவே கூடாது. சூடு உறைக்காது, கொப்புளம் வந்த பிறகே தெரியும். 44 டிகிரி, அதாவது தொட்டால் ‘இதமாக’ இருக்கிற சூடு, ஒரே இடத்தில் ஆறு மணி நேரம் இருந்தால் தோல் வெந்துவிடும். சர்க்கரை நோயும் இருப்பவருக்கு இது இன்னும் கெடுதல். வயிற்றின் மேல், தொடைகளுக்கு நடுவில், முதுகுக்குப் பின்னால் வையுங்கள். நடு உடம்பு சூடானால் உடம்பு தானே விரலுக்கு ரத்தத்தைத் திறந்துவிடும். படுக்கையைச் சூடாக்க இருபது நிமிடம் முன்பே போர்வைக்குள் வைத்து, படுக்கும்போது எடுத்துவிட வேண்டும். பையை அணைத்துக்கொண்டே தூங்குவதுதான் ஆபத்து.

தைலம், எண்ணெய் தேய்த்த காலோடு ரப்பரைச் சேர்க்காதீர்கள், ரப்பர் ஊறி இளகிவிடும். பயன்படுத்தியபின் மூடியைத் திறந்து தலைகீழாகத் தொங்கவிட்டு, வெயில் படாத இடத்தில் காயவிடுங்கள். கழுத்தருகே மடித்துப் பார்க்கும்போது மெல்லிய வெடிப்புக் கோடுகள் தெரிந்தாலோ ரப்பர் பிசுபிசுத்தாலோ அந்தப் பையின் காலம் முடிந்தது. இரண்டு மூன்று ஆண்டில் மாற்றிவிடுவது நல்லது.

சார்ஜ் போடுகிற வெல்வெட் ஜெல் பையை எங்களால் பரிந்துரைக்க முடியவில்லை. ஐந்து பத்து நிமிடத்தில் சூடாகிவிடும், தண்ணீர் ஊற்றும் வேலையில்லை என்பதெல்லாம் சரி. ஆனால் சில வகைகளில் உள்ளே இருக்கும் உப்புக் கரைசல் வழியாகவே மின்சாரம் பாய்கிறது. அதனால்தான் சார்ஜில் இருக்கும்போது மேலே வைக்கக் கூடாது என்று அச்சிட்டிருக்கிறார்கள். தானாக அணையும் பொத்தான் பழுதானால் பை உப்பி வெடிக்கும், உள்ளே இருப்பது கொதிக்கும் நீர். ஏற்கெனவே வாங்கியவர்கள் தட்டையான இடத்தில், பிளக் துளை மேல்பார்த்து இருக்கும்படி வைத்து, பக்கத்திலேயே நின்று சார்ஜ் செய்யுங்கள். ஒருமுறை உப்பியது தெரிந்தால் மறுமுறை போட வேண்டாம்.

இறுக்கச் சாக்ஸ்தான் அதிகமாகத் தவறான காலில் ஏறுகிற பொருள். அது வெரிகோஸ் வெயினுக்கு, அதாவது மேலே ஏற வேண்டிய ரத்தம் சிரையில் தேங்குவதற்கு உண்டானது. சில்லிடும் காலுக்குக் குறை தமனியில், கீழே இறங்கிவர வேண்டிய ரத்தமே வருவதில்லை. அதை வெளியிலிருந்து மேலும் இறுக்கினால் புண் வரும், தமனி ரொம்பவே அடைத்திருந்தால் விரல்கூடப் போகலாம். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை ரத்த அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கும் ஏ.பி.ஐ. பரிசோதனையில் 0.9-க்குக் கீழே வந்தால் தமனி சுருங்கியிருக்கிறது என்று பொருள். அந்த எண் தெரியாமல் இந்தச் சாக்ஸை வாங்காதீர்கள். நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விடுகிறவரும், பீடி சிகரெட் பழக்கமுள்ள இளவயது ஆண்களும் கடைக்குப் போகும் முன் டாக்டரிடம் போக வேண்டும். தைராய்டு குறைவால் வரும் கால் தடிப்புக்கும் இது மருந்தில்லை. விரலால் அழுத்தினால் பள்ளம் விழாத அந்தத் தடிப்பு, மாத்திரை அளவு சரியானால்தான் வடியும்.

அதிர்வு மசாஜ் மெஷின் பொருட்காட்சியில் சுகமாகத்தான் இருக்கும். சங்கிலி ரம்பம், கிரைண்டர் போன்ற அதிரும் கருவிகளைப் பல ஆண்டு பிடித்தவர்களுக்கு விரல் வெளுப்பது தொழில் நோயாகவே உண்டு. ரேனாட் உள்ளவருக்கு அதிர்வைக் காசு கொடுத்து வாங்கித் தர வேண்டியதில்லை.

இத்தனைக்கும் நடுவில் உண்மையில் சூடு தரும் பொருள் காலையில் விழுங்கும் தைராக்சின் மாத்திரைதான். காபி விளைகிற மலையில் சொல்லக் கஷ்டமான விஷயம்: தைராக்சினைக் காபியோடு விழுங்கினால் உறிஞ்சப்படுவது குறையும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. குளிர் அதிகம் என்று தானாகவே அரை மாத்திரை கூட்டிக்கொள்வது படபடப்பையும் எலும்புத் தேய்வையும் கொண்டுவரும். அளவை மாற்றினால் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் ரத்த அளவு) நிலைக்கு வர ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும், அதற்கு முன் பரிசோதித்து அர்த்தமில்லை. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் வைட்டமின் சாப்பிடுகிறவர் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும், சில ஆய்வக முறைகளில் அது டி.எஸ்.எச்.-ஐக் குறைத்துக் காட்டும்.

மாத்திரை சரியாக இருந்தும் இரவில் கட்டைவிரல், ஆட்காட்டி, நடுவிரல் மட்டும் மரத்து, கையை உதறினால் சரியாகிறது என்றால் அது ரத்த ஓட்டக் கோளாறே இல்லை. மணிக்கட்டில் நரம்பு நசுங்குவது தைராய்டு குறைவில் சகஜம். அதற்குக் கையுறை வேண்டாம், மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டை போதும், இரவில் மட்டும். ஒரு கை மட்டும் வெளுப்பது, நாற்பது வயதுக்குப் பிறகு புதிதாக ஆரம்பிப்பது, விரல் நுனியில் புண், தோல் இறுகுவது – இவற்றில் எது இருந்தாலும் வாத நோய் மருத்துவர் (ருமட்டாலஜிஸ்ட்) பார்க்க வேண்டும். திடீரென ஒரு கால் மட்டும் சில்லிட்டு வெளுத்து உயிர் போகிற வலி வந்தால் ஒத்தடம் எதுவும் கொடுக்காமல் அந்த நிமிடமே மலையிறங்கிச் சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

ஒற்றைத் தலைவலிக்கோ படபடப்புக்கோ புரொப்ரனலால் என்ற மாத்திரை எடுப்பவர் அதை டாக்டரிடம் சொல்லுங்கள், விரல் குளிர்ச்சியை அது கூட்டும். தானாக நிறுத்தக் கூடாது. ரேனாடுக்கு ரத்தக் குழாயைத் தளர்த்தும் நிஃபெடிபின் மாத்திரை எழுதிக் கொடுத்தால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும், அதைத் தைராய்டு என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். அந்த மாத்திரை தொடங்கியவர் சாக்ஸ், ஷூ வாங்கச் சாயங்காலம் போங்கள். காலையில் அளந்த கால் ராத்திரி அந்த ஷூவுக்குள் போகாது.