ஸ்தோத்திரபலிக் கைப்புத்தகம்: ஆயிரம் வரியில் எத்தனை தேறும்?

தஞ்சாவூரிலோ நாகப்பட்டினத்திலோ ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடைக்குள் நுழைந்தால், வசன ஸ்டிக்கருக்கும் காலண்டருக்கும் நடுவே ஸ்தோத்திரபலிக் கைப்புத்தகம், அதாவது தேவனுக்குத் துதி சொல்லும் வரிகளின் தொகுப்பு, கண்ணில் படும். சட்டைப்பை அளவு, நடுவில் இரண்டு பின், ‘உமக்கு ஸ்தோத்திரம்’ என்று முடியும் நூறு முதல் ஆயிரம் வரிகள். அட்டைதான் மாறுமே தவிர சரக்கு ஏறக்குறைய ஒன்றே. அதனால் இந்த மதிப்புரை ஒரு பதிப்புக்கு அல்ல, அந்த வகைக்கே.

கடையில் நின்றபடியே முதலில் பார்க்கவேண்டியது, வரி யாரை நோக்கிப் பேசுகிறது என்பதை. 23-ஆம் சங்கீதத்தை வெட்டி ஒட்டி, “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், ஸ்தோத்திரம்” என்று போட்டிருந்தால் அவசரத் தொகுப்பு. தேவனோடு பேசுகிறோமா, தேவனைப் பற்றிப் பக்கத்து வீட்டாரிடம் பேசுகிறோமா என்றே தெரியாது. “என் மேய்ப்பராயிருக்கிறவரே, உமக்கு ஸ்தோத்திரம்” என்று திருப்பி எழுதியிருந்தால் தொகுத்தவர் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார். தாவீதே அந்தச் சங்கீதத்தின் 4-ஆம் வசனத்தில் ‘தேவரீர்’ என்று நேருக்கு நேர் திரும்பிவிடுகிறார்.

அடுத்தது வசன எண். எண் இல்லாத புத்தகத்தை வாங்கவே வேண்டாம். எண் இருந்தால் கர்த்தரின் பெயரால் அமைந்த மூன்று பெயர்களைச் சரிபாருங்கள்: யேகோவாயீரே (கர்த்தர் பார்த்துக்கொள்வார்) ஆதியாகமம் 22:14, யேகோவாநிசி (கர்த்தர் என் கொடி) யாத்திராகமம் 17:15, யேகோவா ஷாலோம் (கர்த்தர் சமாதானம்) நியாயாதிபதிகள் 6:24. இவற்றிலேயே தவறு இருந்தால் மற்றதை நம்ப முடியாது. எண் எதற்கு என்றால், மோரியா மலையும், ஆபிரகாம் தன் மகனுக்குப் பதிலாகப் பலியிட்ட, புதரில் சிக்கிய ஆட்டுக்கடாவும் மனதில் வராமல் ‘யேகோவாயீரே’ என்று நூறு தடவை சொன்னாலும் அது வெறும் சத்தம்.

பல புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் தரம் இறங்கும். ஆயிரத்தை எட்டவேண்டும் என்ற நெருக்கடியில் ஒரே வரி சொல் மாறித் திரும்ப வரும். “என் கடனை அடைக்கப்போகிறவரே, ஸ்தோத்திரம்” போன்றவையும் நுழையும். இது ஸ்தோத்திரச் சட்டை போட்ட விண்ணப்பம். விண்ணப்பம் தவறில்லை, இடம்தான் தவறு. பென்சிலால் அடித்துவிட்டு ஜெப நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இனி உபயோகம். ஒரு வரிக்கு 3 விநாடி என்றால் ஆயிரம் வரிக்கு 50 நிமிடம்; நிதானமாக 5 விநாடி என்றால் 83 நிமிடம். வேகமாகப் போனால் பாதி வழியிலேயே தொண்டை காய்ந்து, ‘ஸ்தோத்திரம்’ தேய்ந்து ‘தோத்ரம்’ ஆகி, கடைசியில் ‘தோரம்’ என்று நிற்கும். நாளைக்கு நூறாகப் பத்து நாள் வாசிப்பதே சரியான அளவு. பத்து வரிக்கு ஒருமுறை அரை நிமிடம் நிறுத்தினால் மொத்தம் 14 நிமிடத்துக்குள் முடியும். நிறுத்தும் இடத்தில் ஒரு கீர்த்தனையின் சரணம் பாடலாம். சரபோஜி மன்னரின் அவையில் இருந்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வாழ்ந்த தஞ்சாவூரில் துதியை ராகமில்லாமல் வாசித்து மட்டும் முடிப்பது கொஞ்சம் கஞ்சத்தனம்தான்.

குழுவாகச் சொல்லும்போது, முன்சொல்பவர் மற்றவர்களின் ‘ஸ்தோத்திரம்’ முடிந்த பிறகே அடுத்த வரியைத் தொடங்கவேண்டும். வேளாங்கண்ணியில் மன்றாட்டுமாலை கேட்டவர்களுக்கு இந்த லயம் புரியும். கீபோர்டு பின்னணியோடு வரும் ஆடியோக்களில் பதில் சொல்ல இடைவெளி இருந்தால் மட்டும் பயன்.

ஆயிரம் என்ற கணக்குக்கு, கிபியோனில் சாலொமோன் செலுத்திய ஆயிரம் பலியைக் காட்டுவார்கள் (1 இராஜாக்கள் 3:4). அவை சர்வாங்க தகனபலிகள், முழுவதும் எரிக்கப்படுபவை. ஸ்தோத்திரபலியின் விதி லேவியராகமம் 7-இல் இருக்கிறது: புளிப்பில்லாத அதிரசங்களோடு படைக்கவேண்டும், மாம்சத்தை அன்றைக்கே புசிக்கவேண்டும், விடியும்வரை வைக்கக்கூடாது. பொருத்தனைப் பலிக்கு (நேர்ந்துகொண்ட பலிக்கு) மறுநாள்வரை அவகாசம் உண்டு, இதற்கு இல்லை. நம் வீட்டு அதிரசம்போல டப்பாவில் போட்டு ஒரு வாரம் வைத்துக்கொள்ளும் சங்கதி இல்லை இது. அச்சடித்த வரி எவ்வளவு நல்லதானாலும் நேற்றையது. எனவே பின்னட்டையின் உள்பக்கம் வெற்றாக இருக்கும் புத்தகமே மேல். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தாலும் கடைமடை வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த தேதி வேறு. அந்தத் தேதியோடு நம் சொந்த ஸ்தோத்திரம் ஒரு வரி எழுத இடம் வேண்டும்.

முன்னுரைகளில் துதியின் வல்லமைக்கு வழக்கமாக இரண்டு சாட்சிகள் வரும், இரண்டும் பாதியாக. யூதாவின் ராஜா யோசபாத் பாடகரைப் படைக்கு முன் நிறுத்தினான் என்பார்கள் (2 நாளாகமம் 20:21). அதற்கு முன் உபவாசமும், “நாங்கள் செய்யவேண்டியது இன்னதென்று தெரியவில்லை” என்ற ஜெபமும், யகாசியேல் என்ற லேவியன் வழியாக வந்த தேவ வார்த்தையும் இருந்தன. பாட்டு அந்த வார்த்தையை நம்பியதன் அடையாளம். பவுலும் சீலாவும் சிறையில் நடுராத்திரியில் பாடியதும் கதவு திறந்தது சரி (அப்போஸ்தலர் 16). ஆனால் அவர்கள் ஓடவில்லை; அன்றிரவு மீட்கப்பட்டது சிறைச்சாலைக்காரன் வீடு. கதவு திறப்பதற்கான மந்திரமாகத் துதியை விற்கும் முன்னுரையைத் தாண்டிவிடுங்கள்.

ஆபகூக் 3:17, 18 இருக்கிறதா என்றும் பாருங்கள். வயல் விளையாமல், தொழுவத்தில் மாடு இல்லாமல் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கிற இடம். 2018 நவம்பரில் கஜா புயலில் தென்னை சாய்ந்த பட்டுக்கோட்டை, வேதாரண்யம் பக்கத்து வீடுகளில் செழிப்பு வரிகள் மட்டும் கொண்ட புத்தகம் வாய்க்கு வராது. அந்த வசனம் இல்லையென்றால் கையால் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: உப்புக் காற்றில் பின் துருப்பிடித்து நடுத்தாள் கழன்றுவிடும். வாங்கியதுமே பின்னைக் கழற்றி, அதே துளையில் நூலால் தைத்துவிடுவது நல்லது. விடிகாலை வெளிச்சத்தில் வாசிக்கும் பெரியவர்களுக்கு என்றால், கடையிலேயே கையை நீட்டிப் பிடித்து எழுத்து தெரிகிறதா பார்த்து வாங்குங்கள்; ஆயிரம் வரிப் பொடி எழுத்தைவிட நூறு வரிப் பெரிய எழுத்தே மேல்.