இரண்டு பேர், ஒரு பந்து: வலையா, சுவரா, இலக்கா?

பதினொரு பேர் கொண்ட அணியில் பந்து எல்லையைத் தாண்டினால் ஒருவர் ஓடிப்போய் எடுத்து வருவார், மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இரண்டே பேர் ஆடும்போது ஓடிப்போகிறவர் ஆட்டத்தில் பாதி. அவர் திரும்பி வரும்வரை ஆட்டமே கிடையாது. வெளியில் இருவர் ஆடுவதற்கு ஒரு பந்து விளையாட்டைப் புதிதாக உருவாக்க நினைப்பவர்கள் கையா மட்டையா, களம் எவ்வளவு பெரிது, பாயிண்ட் எப்படி என்றெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பந்து ஆட்டத்தில் இருக்கும் நேரம் அதிகமா, அதைப் பொறுக்கப் போகும் நேரம் அதிகமா? மற்ற எல்லா முடிவுகளையும் இந்தக் கணக்கில் போட்டுத்தான் எடை பார்க்கப் போகிறேன்.

நிபந்தனைகள் எளியவை. ஒரு பந்து, கொஞ்சம் தரை, கோடு போட ஒரு சாக்பீஸ் அல்லது கயிறு. விதிகளை ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட வேண்டும். ஆடும் இருவரும் சமமான திறமை உள்ளவர்கள் இல்லை என்றும் வைத்துக்கொள்வோம், ஏனென்றால் பெரும்பாலும் அப்படித்தான் அமையும்.

இந்த வரம்புக்குள் மூன்று வழிகள் இருக்கின்றன. எதிரெதிரே நின்று அடித்துக்கொள்வது, இருவரும் ஒரே சுவரைப் பார்த்து அடிப்பது, ஒரு இலக்கை நோக்கி எறிவது அல்லது உதைப்பது.

எதிரெதிரே

டென்னிஸ் ஒற்றையர் களம் 23.77 மீட்டர் நீளம், 8.23 மீட்டர் அகலம். கிட்டத்தட்ட 196 சதுர மீட்டர், அதில் பாதியை ஒரே ஆள் காக்க வேண்டும். பழகியவர்களுக்கு அது ஆனந்தம். புதியவர்களுக்கு சர்வீஸ், வெளியே, பொறுக்கு, மறுபடி சர்வீஸ் என்றே பொழுது போய்விடும். 1965-ல் அமெரிக்காவில் ஒரு பேட்மின்டன் களத்தில் உருவான பிக்கிள்பால் என்ற மட்டை ஆட்டம் இந்த இடத்தில்தான் புத்திசாலித்தனம் காட்டியது. அதன் களம் 13.41 மீட்டருக்கு 6.10 மீட்டர், அதாவது சுமார் 82 சதுர மீட்டர். டென்னிஸில் பாதிகூட இல்லை. அத்துடன் வலைக்கு இருபுறமும் 7 அடிக்குள் நின்றுகொண்டு பந்தைத் தரையில் படுமுன் அடிக்கக் கூடாது. சர்வீஸும் அதற்கான பதிலும் ஒருமுறை தரையில் பட்ட பிறகே அடிக்கப்பட வேண்டும். இந்த இரண்டு விதிகளும் பலமாக அடிப்பவரின் கையைக் கட்டிப்போடுகின்றன. ராலி, அதாவது பந்து தவறாமல் இருவருக்கும் இடையே போய்வருவது, நீள்கிறது, பந்து பொறுக்கும் வேலை குறைகிறது.

வலையைக் களத்தைப் பிரிக்கும் தடுப்பாகத்தான் பலர் பார்க்கிறார்கள். அது முக்கியமாக ஒரு வேகத்தடை. டென்னிஸ் வலை நடுவில் 91.4 செ.மீ. உயரம். இடுப்புக்குக் கீழே வந்த பந்தை நேராக அறைந்தால் வலையில் போய் விழும், அதனால் மேல்நோக்கித்தான் அனுப்ப முடியும். நம்மிடம் வலை இல்லை என்றால் அந்த வேலையை யார் செய்வது?

முதலில் தோன்றும் பதில், நடுவில் ஒரு மீட்டரோ இரண்டு மீட்டரோ அகலத்துக்குக் கோடு போட்டு, அதில் பந்து விழுந்தால் பாயிண்ட் போச்சு என்று வைப்பது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. தோள் உயரத்தில் கிடைத்த பந்தை அந்தப் பட்டைக்கு மேலாக நேராக அறைந்து பின்கோட்டருகே இறக்கிவிடலாம், எதுவும் தடுக்காது. சின்னக் களமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் அடித்த பந்து 4 மீட்டரை 0.4 வினாடியில் கடந்துவிடும். கண் பார்த்துக் கை அசைவதற்கே அதில் பாதி போய்விடும்.

இதைவிட நல்ல வழி ஒன்று ஆஸ்திரேலியப் பள்ளி மைதானங்களில் பிள்ளைகள் கையால் ஆடும் 'ஹேண்ட்பால்' ஆட்டத்தில் இருக்கிறது. அடித்த பந்து முதலில் அடித்தவரின் சொந்தக் கட்டத்தில் ஒருமுறை பட்டு, அப்புறம்தான் எதிராளியின் கட்டத்துக்குப் போக வேண்டும். வலையே வேண்டாம். எவ்வளவு பலமாக அடித்தாலும் பந்து கீழே போய், எகிறி, வளைந்துதான் போகும். அறைந்து அடித்தால் இன்னும் உயரமாக எகிறி எதிராளிக்குக் கூடுதல் நேரம் கொடுக்கும், அல்லது களத்துக்கு வெளியே போகும். பலத்துக்குத் தண்டனை விதிக்க ஒரு நடுவர் தேவையில்லை, தரையே அதைச் செய்துவிடுகிறது.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டென்னிஸ் பந்துக்கான விதிப்படி 254 செ.மீ. உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போட்டால் அது 135 முதல் 147 செ.மீ. வரை எகிற வேண்டும், அதாவது விழுந்த உயரத்தில் பாதிக்குச் சற்று மேலே. எதிராளி தன் கட்டத்தில் குத்திய பந்து 75 செ.மீ. உயரத்துக்கு எழும்பி என் கட்டத்தில் வந்து விழுகிறது என்று வையுங்கள். அந்தப் பயணத்துக்கு ஏறக்குறைய 0.8 வினாடி. என் கட்டத்தில் அது மீண்டும் 40 செ.மீ. அளவுக்கு எகிறி இரண்டாம் முறை தரையைத் தொட இன்னொரு 0.6 வினாடி. ஆக எனக்குக் கிடைப்பது 1.4 வினாடி. ஆளுக்கு 3 மீட்டர் சதுரக் கட்டம் என்றால் நடுவிலிருந்து எந்தப் பக்கமும் ஒன்றரை மீட்டர்தான், குழந்தைகூட எட்டிவிடும். பந்து தொலைவுக்கும் ஓடாது.

குறை இல்லாமல் இல்லை. புல்தரையிலும் மணலிலும் இது செத்துப்போகும், ஏனென்றால் அங்கே பந்து ஒருமுறை எகிறுவதே பெரிய விஷயம். அப்புறம், கோட்டை ஒட்டிய குத்து எந்தப் பக்கத்தில் பட்டது என்ற வாக்குவாதம் தினமும் வரும். கோட்டில் பட்டது எல்லாமே மறுபடி ஆட வேண்டியது என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சுவர்

பந்து பொறுக்கும் கணக்கில் மட்டும் பார்த்தால் சுவர்தான் ராஜா. அடித்த பந்தைத் தானே திருப்பி அனுப்புகிறது, தப்பினால் பின்பக்கம் மட்டும்தான் போகும். கையால் சுவரில் அடித்து ஆடும் ஒற்றைச் சுவர் ஹேண்ட்பாலுக்கு (மேலே சொன்ன ஆஸ்திரேலிய ஆட்டம் வேறு) 20 அடி அகலமும் 16 அடி உயரமும் உள்ள ஒரு சுவரும், அதற்கு முன்னால் 34 அடி நீளத் தரையும் போதும். ஆள் வராத நாளில் தனியாகவும் பழகிக்கொள்ளலாம், மற்ற இரண்டு வழிகளிலும் இது அவ்வளவு சுலபமில்லை.

ஆனால் இருவரும் ஒரே தரையில் நிற்கிறார்கள். எதிரெதிரே ஆடும்போது இடித்துக்கொள்ள வாய்ப்பே இல்லை, இங்கே இடிப்பதுதான் இயல்பு. 'நீ குறுக்கே நின்றாய்' என்ற குற்றச்சாட்டுக்கு ஒரு விதி கட்டாயம் வேண்டும். வழி மறித்ததாக ஒருவர் சொன்னால் அந்த ராலியைத் திரும்ப ஆடுவது என்பது மிக எளிய விதி. ஏமாற்றுகிறவர் அதைத் தவறாகப் பயன்படுத்துவார் என்பது உண்மைதான். இரண்டு பேர் ஆட்டத்தில் ஏமாற்றுகிறவருக்கு சீக்கிரமே துணை கிடைக்காமல் போய்விடும் என்பதால் நான் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

இன்னொரு விதியும் அவசியம். சுவரின் அடிப்பாகத்தில், தரையை ஒட்டி அடித்தால் பந்து உருண்டு வந்துவிடும், அதை யாராலும் எடுக்க முடியாது. மட்டையால் சுவரில் அடித்து ஆடும் ஸ்குவாஷில் இதற்காகத்தான் முன்சுவரின் அடியில் 48 செ.மீ. உயரத்துக்குத் தகரப்பட்டை வைத்திருக்கிறார்கள். தொழில்முறை ஆட்டத்தில் அதை 43 செ.மீ. ஆகக் குறைப்பார்கள், ராலி சீக்கிரம் முடியட்டும் என்று. நமக்கு நேர்மாறானதுதான் வேண்டும், ஆகவே முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு கோடு.

சுவரின் பெரிய குறை சுவரேதான். ஜன்னல் இல்லாத, பூச்சு உதிராத, அந்தப் பக்கம் யாரும் தூங்காத ஒரு சுவர் கிடைக்க வேண்டும்.

இலக்கு

இலக்கு வைத்து ஆடுவதில் இரண்டு வகை. ஒன்று இருவர் கால்பந்துபோல ஆளுக்கு ஒரு கோல். கோல்காப்பவர் இல்லாததால் நடுக்கோட்டிலிருந்தே உதைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். கோலைத் தாண்டிய பந்து எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. 1891-ல் கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்தச் சிக்கலை வேறு கோணத்தில் அவிழ்த்தார். கோல் நின்றவாக்கில் இருப்பதால்தான் எல்லோரும் பலத்தைக் காட்டுகிறார்கள். அதைப் படுக்கவைத்துத் தலைக்கு மேலே தூக்கிவிட்டால் மெதுவாக வளைத்துப் போடுகிறவருக்குத்தான் வெற்றி. புதிதாக ஒரு இலக்கு ஆட்டம் உருவாக்குகிறவர்கள் கோல்கம்பம் நடுவதற்கு முன்னால், தரையில் ஒரு வளையமோ வாய் அகன்ற கூடையோ வைத்துப் பார்க்கலாம்.

இன்னொரு வகை பிரான்சின் பெட்டாங்க். ஒரு சின்ன மரப்பந்தை 6 முதல் 10 மீட்டர் தூரத்தில் போட்டு, இரும்புப் பந்துகளை அதற்கு அருகில் சேர்ப்பார்கள். இருவர் ஆடும்போது ஆளுக்கு மூன்று பந்து, முதலில் 13 பாயிண்ட் எடுத்தவர் வெல்வார். இதில் எனக்குப் பிடித்தது பொறுக்கும் பிரச்சினையைக் கையாண்ட விதம். இருவரும் நடந்துபோய் யார் பந்து அருகில் என்று அளக்கிறார்கள், அங்கேயே பந்துகளை எடுத்துக்கொண்டு, அங்கிருந்தே அடுத்த சுற்றைத் தொடங்குகிறார்கள். பந்து எடுக்கப் போவதே ஆட்டமாகிவிட்டது. வயதானவரும் சிறுவரும் சமமாக ஆட இதை மிஞ்சிய வழி இல்லை. ஆனால் ஓட்டம் கிடையாது, வியர்க்காது, ஒரே பந்தை வைத்து ஆடவும் முடியாது. 'பந்து விளையாடப் போகிறோம்' என்று ஆசையாகக் கிளம்பிய ஒரு எட்டு வயதுப் பிள்ளை இதில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது சந்தேகம்.

ஆக, கெட்டித் தரையும் நல்ல சுவரும் இருந்தால் சுவர். கெட்டித் தரை மட்டும் இருந்தால், தன் கட்டத்தில் குத்தி அனுப்பும் ஆட்டம். முழங்கால் வலி உள்ளவர் ஒருவர் இருந்தால் இலக்கு. பெரும்பாலானவர்களுக்கு அமைவது இரண்டாவது சூழல் என்பதால் பாயிண்ட் முறையை அதை வைத்தே பார்க்கிறேன்.

எத்தனை பாயிண்ட், யார் சர்வீஸ்

டேபிள் டென்னிஸ் 2001-ல் 21 பாயிண்டிலிருந்து 11-க்கு இறங்கியது. பேட்மின்டன் 2006-ல், சர்வீஸ் செய்பவருக்குத்தான் பாயிண்ட் என்ற பழைய முறையை விட்டு, யார் ராலியை வென்றாலும் பாயிண்ட் என்று மாறியது. பழைய முறையில் ஸ்கோர் அசையாமலே நீண்ட நேரம் போகும், எளிய ஆட்டத்துக்கு அது ஒத்துவராது. ஒவ்வொரு ராலிக்கும் ஒரு பாயிண்ட் என்பதே சரி.

எண்ணிக்கையில்தான் சுவாரசியம். நூறு ராலியில் 55 வெல்லக்கூடியவர் ஒருவர், 45 வெல்பவர் இன்னொருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 பாயிண்ட் ஆட்டத்தில் சற்றுத் திறமையானவர் ஜெயிக்க 62 சதவீத வாய்ப்பு, 11 பாயிண்டில் 68, 21 பாயிண்டில் 74. ஆட்டம் நீள நீளப் பலவீனமானவரின் நம்பிக்கை தேய்கிறது. அதனால் ஏற்றத்தாழ்வு உள்ள ஜோடிக்கு 21 வேண்டவே வேண்டாம். 5 அல்லது 7 பாயிண்டில் முடியும் சின்ன ஆட்டங்களை வரிசையாக ஆடினால் தோற்கிறவரும் அவ்வப்போது ஒன்றைப் பறித்துக்கொள்வார்.

திறமை வித்தியாசம் அதிகமாக இருந்தால் சிலர் தொடக்கத்திலேயே மூன்று பாயிண்ட் கொடுத்துவிடுவார்கள். அது ஸ்கோரைத்தான் சமன் செய்கிறது, ஒவ்வொரு ராலியும் ஒருதலையாகத்தான் போகும். பலமானவரின் கட்டத்தைப் பெரிதாக்குவதும் மற்றவரின் கட்டத்தைச் சிறிதாக்குவதும் மேல். ஒரு அடி கோட்டை நகர்த்தினால் போதும், ராலியே மாறிவிடும். இடதுகையால் ஆடச் சொல்வது வேடிக்கையாக இருக்கும், ஆனால் பாதி ஆட்டத்தில் பழக்கதோஷத்தில் வலதுகை வந்துவிடும், அப்புறம் சண்டை.

சர்வீஸ் யாருக்கு? வென்றவருக்கா தோற்றவருக்கா என்று நிறைய வாதாடலாம். இருவர் ஆட்டத்துக்கு என் தேர்வு இரண்டும் இல்லை: பந்தை எடுத்தவருக்கு. பந்து எவர் பக்கம் போனதோ அவர் எடுக்கிறார், அங்கிருந்து வந்து அவரே சர்வீஸ் போடுகிறார். தவறவிட்டால் பந்து அவர் பின்னால்தான் போகும், ஆகவே தோற்றவருக்கு சர்வீஸ். எதிராளி வெளியே அடித்தாலும் பந்து இவர் பக்கம்தான் போகும், அப்போது வென்றவருக்கு சர்வீஸ். பந்தைத் திருப்பி எறிந்து, அவர் பிடிக்காமல் விட்டு, அது இன்னொரு பக்கம் ஓடும் வீண்வேலை இதில் கிடையாது. சர்வீஸும் தன் கட்டத்தில் குத்தித்தான் போக வேண்டும் என்பதால் அது யாருக்கும் பெரிய ஆயுதமாகாது. எனவே யாருக்குப் போனாலும் அநியாயம் இல்லை.

வெளியில் ஆடுவதால் காற்றும் வெயிலும் ஒரு பக்கத்துக்குச் சாதகமாக இருக்கும். 11 பாயிண்ட் ஆட்டத்தில் ஒருவர் 6 தொட்டதும் பக்கம் மாறிக்கொள்ளலாம், சின்ன ஆட்டங்களில் ஒவ்வொன்று முடிந்ததும். பந்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் காற்றை நினைவில் வைக்க வேண்டும். ஸ்பாஞ்ச் பந்து கைக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் லேசான காற்றிலேயே திசை மாறும், எகிறவும் எகிறாது. புத்தம்புது டென்னிஸ் பந்தைவிட, கொஞ்சம் காற்று இறங்கிய பழைய பந்து இந்த ஆட்டத்துக்குப் பொருத்தம். உள்ளங்கையிலும் அவ்வளவாக உறைக்காது.

புல்தரை மட்டும்தான் இருக்கிறது என்பவர்களுக்கு, அடிப்பதை விட்டுவிட்டுப் பிடித்து எறியும் ஆட்டம் இருக்கிறது. கிளாரா பேர் என்ற உடற்பயிற்சி ஆசிரியை 1895-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'நியூகோம்' ஆட்டத்தில் பந்தை எறிவதும் பிடிப்பதும்தான். அது அணி ஆட்டம் என்றாலும் இருவருக்குக் குறுக்கிக்கொள்ளலாம். தலைக்கு மேலே ஒரு கயிறு, அதைத் தாண்டி எறிய வேண்டும். எதிராளியின் பக்கத்தில் தரையில் விழுந்தால் பாயிண்ட். பிடித்த இடத்திலிருந்து நகரக் கூடாது, மூன்று எண்ணுவதற்குள் எறிந்துவிட வேண்டும்.