பட்டையா, செவ்வகமா: பார்வைக் கோட்டில் கோட்டுரு வரைய எது தோது?

ஊர்களை முனைகளாகவும் நேர் பஸ்களை இணைப்புகளாகவும் கொண்ட அமைப்புதான் கோட்டுரு. வேலூர் வட்டார பஸ் தடங்களைப் புள்ளியும் கோடுமாகப் போட்டால் பெயர் எழுதக்கூட இடம் இருக்காது. பார்வைக் கோட்டு முறையில் அந்தத் தொல்லை இல்லை. அதில் இரண்டு வழி உண்டு. பட்டை முறையில் ஊருக்கு ஒரு கிடைக்கோட்டுப் பட்டை. செங்குத்தாகப் பார்த்தால் நடுவே மறைப்பு இல்லாத இரண்டு ஊர்களுக்கு இணைப்பு. செவ்வக முறையில் பக்கவாட்டுப் பார்வையும் சேர்த்தி. இந்த வேலைக்குப் பட்டையே போதும் என்பது என் கட்சி.

கொள்ளளவில் செவ்வகம் பெரியது, மறுப்பதற்கில்லை. 10 முனைகளுக்குப் பட்டையில் 24 இணைப்புகள்தான் உச்சம், செவ்வகத்தில் 40. எல்லாமே எல்லாவற்றோடும் இணைய வேண்டுமென்றால் பட்டை 4 முனைகளோடு நின்றுவிடும், செவ்வகம் 8 வரை தாங்கும்.

ஆனால் தடம் மாறிக்கொண்டே இருக்கும். திருத்தத்தில்தான் வித்தியாசம் தெரியும்.

கட்டம் போட்ட நோட்டில் போட்டுப் பாருங்கள். அடி வரியில் வேலூர், 0 முதல் 4 கட்டம் வரை. அதற்கு மேல் வரிக்கு ஒன்றாக ஆற்காடு, ராணிப்பேட்டை, திருவலம். மூன்றும் 0 முதல் 2 வரை. உச்சியில் காட்பாடி, 0 முதல் 4. வலப்பக்கம் காலியாக இருப்பதால் வேலூரும் காட்பாடியும் நேராகப் பார்த்துக்கொள்ளும். ஐந்து ஊர், ஐந்து இணைப்பு, சுற்று முடிந்தது.

இப்போது வேலூர்–ராணிப்பேட்டை நேர் பஸ் வேண்டுமா? ஆற்காட்டை 1-வது கட்டத்தோடு நிறுத்துங்கள். திறந்த இடைவெளியில் இரண்டும் தெரியும். கலவையை ஆற்காட்டோடு மட்டும் இணைக்க, ஆற்காட்டை இடப்பக்கம் இரண்டு கட்டம் நீட்டி, வேலூர் வரியிலேயே அந்த நீட்சியின் இடக்கோடிக்குக் கீழே ஒரு கட்டத்தில் கலவையைப் போடுங்கள். வேறெதையும் தொட வேண்டாம்.

செவ்வகத்தில் அகலத்தைக் குறுக்கினால் மேல்கீழாகவும், உயரத்தைக் குறுக்கினால் பக்கவாட்டிலும் வழி திறக்கும். கேட்காத இணைப்பு ஒன்று முளைக்கலாம். அதை மறைக்க இன்னொன்றை நகர்த்தினால் அங்கே ஒன்று. ஒரு கோட்டுரு செவ்வகத்தில் அடங்குமா என்று சோதிப்பதே என்.பி. முழுமைச் சிக்கல் (அளவு கூடினால் வேகமாகத் தீர்க்க வழி தெரியாத வகை) என்று 1996-இல் ஆய்வாளர் ஷெர்மர் காட்டினார். நாலைந்து செவ்வகம் என்றால் கையாலேயே சமாளிக்கலாம். இருபது முப்பதுக்கு நான் துணிந்து சொல்லமாட்டேன். பட்டைக்கோ, முனைகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதமான நேரத்தில் சோதனையும் வரைதலும் முடியும்.

பட்டையிலும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மயிரிழைப் பார்வையும் (நுனியும் நுனியும் மட்டும் நேர்ப்படும், அகலமில்லாத பார்வை) இணைப்பா என்று முதலிலேயே தீர்மானியுங்கள். அகலமுள்ள பார்வை மட்டுமே கணக்கு என்றால் நிபந்தனை எளிது: கோடுகள் வெட்டாமல் வரைந்த படத்தில், எடுத்தால் கோட்டுரு துண்டாகும் முனைகள் எல்லாம் ஒரே முகத்தின் (கோடுகள் பிரிக்கும் ஒரு பரப்பின்) ஓரத்தில் அமைய வேண்டும். மயிரிழையையும் சேர்த்தால் பட்டைச் சோதனையும் என்.பி. முழுமையாகிவிடும், 1992-இல் ஆய்வாளர் ஆண்ட்ரே நிறுவியது. ஒரு பட்டையின் வலநுனியும் இன்னொன்றின் இடநுனியும் ஒரே செங்குத்தில் வந்து நின்று குழப்பினால் ஒன்றை அரைக் கட்டம் தள்ளிவிட்டு, வேறு இணைப்பு முளைக்கவில்லையே என்று பாருங்கள்.