ராஜபாளையத்துக்கு மார்ட்டிங்கேல் பெல்ட் வாங்கலாமா?

மார்ட்டிங்கேல் என்பது நாய் இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகும் கழுத்துப் பெல்ட். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, முதோள் நாய் வளர்ப்பவர்கள் மட்டும் படித்தால் போதும். லாப்ரடார் வைத்திருப்பவர்கள் தாண்டிப் போகலாம், உங்களுக்கு இது தேவைப்படாது.

இந்த வேட்டை நாய்களுக்கெல்லாம் தலை ஒடுக்கம், கழுத்தோ கிட்டத்தட்ட தலையளவுக்கே பருமன். சாதாரண பக்கிள் பெல்ட்டைச் சரியான அளவில் போட்டிருந்தாலும், தலையைக் குனிந்து பின்பக்கமாக ஒரு இழுப்பு இழுத்தால் காதைத் தாண்டிக் கழன்றுவிடும். செயினும் பெல்ட்டும் நம் கையில், நாய் ரோட்டில். எங்கள் நாயின் பெயர் மைனர், வெள்ளை ராஜபாளையம், அவனிடம் வீட்டில் யார் பேச்சும் செல்லாது, இதை ஒரு வித்தையாகவே பழகி வைத்திருந்தான். பெங்களூரு அல்சூர் ஏரியைச் சுற்றும்வரை ராஜா மாதிரி நடப்பான், டாக்டர் கிளினிக் இருக்கும் தெருமுனை வந்ததும் நாலு காலையும் ஊன்றிக்கொள்வான், நாம் இழுக்க இழுக்கத் தலை மட்டும் மெதுவாக உள்ளே போகும். அந்த நேரத்தில் ஆட்டோ வராமல் இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிடத்தான் முடியும்.

ஹார்னஸும் (நெஞ்சைச் சுற்றி மாட்டும் வார்) போட்டுப் பார்த்தோம். நெஞ்சு ஆழம், இடுப்பு ஒல்லி என்ற உடம்புக்கு அது ஒழுங்காகப் பொருந்தவில்லை, பின்னால் நகர்ந்தே முன்காலை உருவிக்கொண்டான், மிச்ச வாரைக் கடித்தும் முடித்தான்.

பக்கத்துத் தெருவில் முதோள் வளர்க்கும் கன்னடக்காரர் ஒருவர்தான் மார்ட்டிங்கேலைச் சொன்னார். (2005-இல் தபால் துறை வெளியிட்ட நாய் ஸ்டாம்புகளில் ராஜபாளையம், முதோள் இரண்டுமே உண்டு. அதனால் எது உசத்தி என்ற சண்டை எங்களுக்குள் தீர வழியே இல்லை.) மார்ட்டிங்கேலில் பெரிய வளையம் ஒன்று, அதன் இரண்டு முனைகளையும் கோத்துக்கொண்டு சின்ன வளையம் ஒன்று, செயினை மாட்டுவது சின்னதில். நாய் இழுத்தால் பெரியது சுருங்கும், ஆனால் ஓரளவோடு நின்றுவிடும், இழுப்பதை விட்டால் தானாகத் தளர்ந்துவிடும். சோக் செயின் அப்படி நிற்காது, இறுகிக்கொண்டே போகும், அதை எந்த நாய்க்கும் வாங்காதீர்கள்.

நான் வாங்கியது ஆன்லைனில், இரண்டு அங்குல அகலம், நைலான், உள்ளே மெத்தென்ற துணி. இந்த அகலம் முக்கியம், தொண்டையில் ஒரே இடத்தில் அழுத்தாது. விற்றவர் கொடுத்த அளவுப் பட்டியலில் கழுத்துச் சுற்றளவு மட்டும்தான் இருந்தது, ஆனால் இது பக்கிள் இல்லாத வகை, தலை வழியாகத்தான் மாட்ட வேண்டும், அதனால் தலையின் அகலமான இடத்தையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். காதுக்குச் சற்றுப் பின்னால், கழுத்தின் மேல்பகுதியில் உட்கார வேண்டும். செயினை இழுத்துப் பிடித்தால் பெரிய வளையத்தின் இரு முனைகளிலும் உள்ள உலோக வளையங்களுக்கு நடுவே இரண்டு விரல் இடம் இருக்க வேண்டும், இரண்டும் முட்டிக்கொண்டால் பெல்ட் தளர்வு என்று அர்த்தம்.

வந்ததிலிருந்து ஒரு தடவைகூடக் கழன்றதில்லை. ஆனால் அடம் குறையும் என்று நினைத்து வாங்காதீர்கள். இட்லி வண்டி முன்னால் உட்காருவதும் மழை தூறினால் கேட்டைத் தாண்ட மறுப்பதும் அப்படியே இருக்கிறது, இப்போது பெல்ட்டோடு உட்காருகிறான், அவ்வளவுதான். கண்ணால் பார்த்து, தானே முடிவெடுத்துத் துரத்துவதற்காக வளர்க்கப்பட்ட ஜாதி, நம் உத்தரவுக்கு ஏன் காத்திருக்கப் போகிறது? இழுத்தால் எதிர்த்து இழுப்பான், வந்த வழியே இரண்டடி திரும்பி நடந்தால் பின்னாலேயே வருவான், அம்மா பையிலிருந்து அவித்த ஈரலை எடுத்து "வாடா தங்கம்" என்றால் கிளினிக் வாசல்வரைகூட வருவான்.

வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். அந்தச் சின்ன வளையம் கிரில்லிலோ, கூட விளையாடும் நாயின் பல்லிலோ மாட்டினால் ஆபத்து. இதில் கட்டிப்போடவும் கூடாது. பெயர் வில்லையை வேறு சாதாரண பெல்ட்டில் தொங்கவிடுங்கள்.

குறை என்றால் இரண்டு. அளவு சரிசெய்யும் கொக்கி இழுக்க இழுக்க நழுவுகிறது, வெளியே கிளம்பும் முன் தினமும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு மழைக்காலத்துக்கே வளையங்களில் துரு ஏறிவிட்டது. ஐந்துக்கு நாலு கொடுப்பேன், அடுத்ததை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வளையமா என்று கேட்டுத்தான் வாங்குவேன்.